நடவுப் பெண்ணின் வயது வரம்பை உயர்த்துவது நியாயமா?

2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை ஒரு யோசனை சொன்னது. இந்தியாவில் ஆண், பெண் இருவரின் ஆயுளும் கூடிவருகிறது. ஆகவே ஓய்வு பெறும் வயதை உயர்த்துவது பற்றி யோசிக்கலாம். ஓய்வூதியத் திட்டங்கள் தாக்குப்பிடிக்க அது உதவும். மூத்த பெண்கள் கூடுதலாக வேலைக்கு வரவும் வழி பிறக்கும். சுமார் பத்து ஆண்டு முன்னதாகவே அறிவித்துவிட்டால் மக்கள் அதற்கேற்பத் தயாராகிக்கொள்வார்கள்.

படித்த வட்டாரங்களில் இது மறுப்பில்லாமல் ஏற்கப்படும் கருத்து. மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்துப் பார்த்தால் நியாயமாகவும் தோன்றும். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. அவர்களுக்கு உயர்ந்த ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஆண்டுச் சம்பளம். காவிரி டெல்டாவின் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வயல்களில் குனிந்து நடவு நடும் பெண்ணுக்கோ ஓய்வூதியம் என்று இருப்பது ஒன்றே ஒன்று: 60 வயதில் கிடைக்கும் முதியோர் உதவித்தொகை, ஊர்ப்பேச்சில் ஓ.ஏ.பி. பணம். அந்த வயதை உயர்த்தினால் அவளுக்குச் சம்பளம் கூடாது. வரவேண்டிய பணம்தான் தள்ளிப்போகும். விவசாயக் கூலிப் பெண்களுக்கு 55 வயதிலேயே ஓய்வூதியம் கொடுங்கள் என்ற கோரிக்கையை ஒதுக்கித்தள்ளவும் இதே வாதங்கள்தான் பயன்படுகின்றன. அதனால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆயுள் கூடிவிட்டது என்பது முதல் வாதம். கூடியது உண்மை. 1970-75-இல் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 50 ஆண்டு. 2014-18-இல் 69-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் இந்த இருபது ஆண்டும் முதுமையில் வந்து சேர்ந்தவை அல்ல. பெரும்பகுதி, பிறந்த குழந்தைகள் பிழைத்ததால் வந்தது. தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் நூறுக்கும் மேல் முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. 2020-இல் அந்த எண்ணிக்கை 13. ஏற்கெனவே 60-ஐ எட்டிவிட்டவர் இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார் என்ற கணக்கே ஓய்வூதியத்துக்குப் பொருந்தும். அன்று அது சுமார் 14 ஆண்டு. இன்று சுமார் 18. ஐம்பது ஆண்டு முன்னேற்றத்தில் கிழவிக்குக் கிடைத்த பங்கு நான்கு ஆண்டுதான். அதுவும் நாட்டுச் சராசரி. அதில் அதிகாரியின் மனைவியும் உண்டு, அறுவடைக்குப் போன பெண்ணும் உண்டு.

கூடிய ஆண்டுகள் வேலை செய்யும் தெம்போடு கூடியவையா என்பது வேறு கேள்வி. நடவு என்றால் காலையிலிருந்து முழங்கால் சேற்றில் நின்றபடி, நாற்று முடியைப் பிரித்துப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே ஊன்றும் வேலை. இடுப்பு நிமிர நேரமிருக்காது. விரலிடுக்குகளில் சேற்றுப்புண் வரும். பிறகு களையெடுப்பு, அதுவும் குனிந்தேதான். குறுவை, சம்பா, தாளடி என்று பதினைந்து வயதிலிருந்து இதைச் செய்தவளுக்கு 55 வயதில் இருக்கும் முதுகும் முட்டியும், நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்தவருக்கு இருப்பவை அல்ல. ஆயுள் அட்டவணை இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது வாதம்: வயதை உயர்த்தினால் பெண்கள் கூடுதலாக உழைப்புச் சந்தைக்கு வருவார்கள். டெல்டாவின் நிலவரம் இதற்கு நேர்மாறானது. இங்கே பெண்கள் வேலையை விட்டு ஓடவில்லை, வேலைதான் அவர்களை விட்டுப் போயிருக்கிறது. அரிவாளால் அறுத்துக் கூலியாக நெல் வாங்கிய காலத்தில் அறுவடைதான் குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடு. அறுவடை இயந்திரம் வந்து அதை எடுத்துக்கொண்டது. மிஞ்சிய நடவையும் நேரடி விதைப்பு ஒரு பக்கமும் நடவு இயந்திரம் மறுபக்கமும் குறைத்துவருகின்றன. அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் தொழிலாளர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் குழுவாக நட்டுக்கொடுக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் கூலி என்றால் கை வேகமுள்ளவர்களைத்தான் சேர்ப்பார்கள். 55-ஐத் தாண்டியவளை யாரும் கூப்பிடுவதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்காத ஆண்டுகளில் குறுவை சுருங்கிவிடும்; இளையவர்களுக்கே வேலை தட்டுப்பாடாகிவிடும்.

மிச்சமிருந்தது நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பெண்களுடையவை. அவர்களில் முதியவர்கள் ஏராளம். அறுபதைக் கடந்தும் மண்வெட்டியோடு வருபவர்கள் ஆசைப்பட்டு வருபவர்கள் அல்ல.

வீட்டு வேலையைச் சந்தை கணக்கிடுவதில்லை என்பதும் இங்கே சேர்கிறது. 2019-இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம். ஆண்களில் அந்த வேலையைச் செய்பவர்கள் செலவிடுவது 97 நிமிடம். வயலுக்குப் போகாத மாமியார் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால்தான் மருமகள் வேலைக்குப் போகிறாள். அவளை வேலை செய்யாதவள் என்று எண்ணித் திட்டம் தீட்டுவது தவறு.

மூன்றாவது வாதம், பத்து ஆண்டு முன்னதாகச் சொல்லிவிட்டால் போதும் என்பது. இதை ஏற்கெனவே செய்துபார்த்த நாடு பிரிட்டன். அங்கே பெண்களுக்கு அரசு ஓய்வூதியம் 1940 முதல் 60 வயதில் கிடைத்தது. 2010-இல் தொடங்கிப் படிப்படியாக 65 ஆக்குவதென்று 1995-இல் சட்டம் வந்தது. பதினைந்து ஆண்டு முன்னறிவிப்பு. 2011-இல் இன்னொரு சட்டம் அந்த வேகத்தைக் கூட்டியது. ஆனால் தனித்தனியாகக் கடிதம் போகத் தொடங்கியதே 2009-இல்தான். 1950-களில் பிறந்த லட்சக்கணக்கான பெண்கள், ஓய்வுக்குச் சற்று முன்னர்தான் தங்கள் கணக்கு தவறிப்போனதை அறிந்தார்கள். அறிவிப்பதில் அரசுத் துறை தவறிழைத்தது என்று நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2021-இல் கண்டறிந்தார். ஆளுக்கு 1,000 முதல் 2,950 பவுண்டு வரை இழப்பீடு தரலாம் என்று 2024 மார்ச்சில் அவர் பரிந்துரைத்தார். பெரும்பாலான பெண்களுக்கு மாற்றம் தெரிந்தே இருந்தது என்று சொல்லி அரசு டிசம்பரில் மறுத்தது.

ஆனால் அந்த அரசின் சொந்த ஆய்வே 2004-இல் வேறொன்றைக் காட்டியிருந்தது. 45 முதல் 54 வயதுக்காரர்களில் 73 சதவீதம் பேர் ஏதோ மாற்றம் வருவதாகக் கேள்விப்பட்டிருந்தார்கள். பாதிக்கப்படவிருந்த பெண்களில் தங்கள் ஓய்வூதிய வயதைச் சரியாகச் சொன்னவர்கள் 43 சதவீதம் மட்டுமே. ஊருக்குத் தெரிந்த செய்தி என்பதும், தனக்கு எந்த ஆண்டில் பணம் வரும் என்று ஒருத்தி அறிந்திருப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் பிறந்த தேதியும் பதிவாகியிருந்த நாட்டிலேயே இதுதான் நடந்தது.

டெல்டாவின் மூத்த பெண்களில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள் பலர். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் ஆதார் எடுக்கும்போது குத்துமதிப்பாகச் சொன்ன வயதே பதிவானது. ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் கூலி போகும். இருக்கிற வயது வரம்பையே நிரூபிக்க முடியாமல் அலைபவர்களிடம், பத்து ஆண்டு கழித்து வரம்பு மாறும் என்று நாளிதழில் விளம்பரம் கொடுப்பது அறிவிப்பாகாது.

நான்காவதாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது என்பதே சமத்துவம் என்கிறார்கள். கூலி, நிலம், வீட்டுச் சுமை மூன்றும் சமமாக இருந்தால் இது சரி. அவை சமமாக இல்லை என்பதை அரசுகளே ஒப்புக்கொண்டிருக்கின்றன. ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்படும்வரை பெண்களுக்கு 58 வயதிலும் ஆண்களுக்கு 60 வயதிலும் கிடைத்தது. இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. தமிழ்நாட்டிலேயே, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 50 வயதில் உதவித்தொகை கொடுக்கும் திட்டம் 2008 முதல் இருக்கிறது. பெண்ணின் நிலைமையைப் பார்த்து வயதைக் குறைப்பது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல.

கடைசியாக, பணம். மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியம் 1995-இல் 65 வயதுக்காரர்களுக்கு 75 ரூபாயாகத் தொடங்கியது. 2006-07-இல் 200 ரூபாயானது. 2011-இல் வயது 60 ஆகக் குறைந்தது. 80 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு பல ஆண்டுகளாக அந்த 200-லேயே நிற்கிறது. தமிழ்நாடு தன் பணத்தைச் சேர்த்து 2011-இல் ஆயிரமாகவும், 2023-இல் 1,200 ஆகவும் உயர்த்திக் கொடுத்தது. வரம்பு மீண்டும் 65 ஆனால், 1,200 வீதம் ஒரு பெண் இழப்பது ஐந்து ஆண்டில் 72,000 ரூபாய். மாத்திரை, பஸ், பலசரக்கு என்று உள்ளூரிலேயே செலவாகும் பணம் அது.

மகளிர் உரிமைத்தொகை இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான். மருமகள் வாங்கினால் மாமியாருக்கு இல்லை. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் உறுதியில்லை. டெல்டாவின் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் தங்கள் வாடகைக்கே திண்டாடுகிறார்கள்.

உடலை வைத்து உழைப்பவருக்கும் உட்கார்ந்து உழைப்பவருக்கும் ஒரே வயது வரம்பு நியாயமாகாது. சம்பளக்காரரின் ஓய்வு வயதைத் தனியாக விவாதிக்கட்டும். விவசாயக் கூலிப் பெண்களுக்கான வரம்பை 55 ஆக்க வேண்டும். ஆவணங்களில் வயது முரண்பட்டால் கிராம சபையில் அக்கம்பக்கத்தார் சொல்வதைச் சான்றாக ஏற்க வேண்டும். பல ஆண்டுகளாக அசையாத மத்திய அரசின் 200 ரூபாயை உயர்த்த வேண்டும். டெல்டாவில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்.