ஸ்டெராய்டு என்ற சொல்லுக்கு அஞ்சலாமா?

"ஸ்டெராய்டு மாத்திரையா? குழந்தைக்கா? எப்போது நிறுத்தலாம், டாக்டர்?"

அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டுக்கு மருந்து எழுதித் தரும்போது பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. அக்கறையில் பிறந்த கேள்விதான். ஆயினும் அதே அச்சத்தால், எவரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு. அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நம் உடலே நாள்தோறும் ஸ்டெராய்டைத் தயாரிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள், நெருக்கடியில் உடலைத் தாங்கும் கார்டிசாலையும் உப்பைக் காக்கும் அல்டோஸ்டிரோனையும் சுரக்கின்றன. இவற்றுக்கும் பாலியல் ஹார்மோன்களுக்கும் மூலப்பொருள், நாம் பகையாகவே எண்ணிப் பழகிவிட்ட கொலஸ்ட்ரால். (இரத்தத்தில் அது மிகுந்தால் குறைக்கத்தான் வேண்டும்; இதைப் படித்துவிட்டு அதற்கான மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.)

கொலஸ்ட்ரால் ஹார்மோனாக மாறும் முதற்படி, உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நிகழ்கிறது. வெளிச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடையே நீர் நிறைந்த குறுகிய வெளி உண்டு. கொழுப்புத் தன்மையுள்ள கொலஸ்ட்ரால் அதைத் தானாக, வேண்டிய விரைவில் கடக்க இயலாது. கடக்கச் செய்வது 'ஸ்டார்' என்னும் புரதம். காய்ச்சலோ காயமோ நேர்ந்து பிட்யூட்டரி சுரப்பி ஆணையிட்டதும், சில நிமிடங்களில் இப்புரதம் செயல்படத் தொடங்குகிறது. வெளிச்சவ்வில் இருந்தபடியே ஒரு ஸ்டார் மூலக்கூறு நூற்றுக்கணக்கான கொலஸ்ட்ரால் மூலக்கூறுகளை உள்ளே அனுப்பவல்லது. 1994இல் அமெரிக்காவில் பார்பரா கிளார்க், டக்ளஸ் ஸ்டாக்கோ ஆகியோரின் குழு இப்புரதத்தை இனங்கண்டு பெயரிட்டது. மறு ஆண்டே, இதன் மரபணு பழுதுபட்டால் என்ன நேரும் என்பது நோயுற்ற குழந்தைகளிடமிருந்து தெரியவந்தது.

அக்குழந்தைகளின் அட்ரினல் சுரப்பி கொழுப்பால் நிறைந்திருக்கும்; கார்டிசாலோ மிகக் குறைவு. மூலப்பொருள் வாசல்வரை வந்து குவிகிறது, உள்ளே சேர்ப்பாரில்லை. குவிந்த கொழுப்பு நாளடைவில் உயிரணுவையே சிதைக்கிறது. அரிய நோய் இது. ஜப்பானிலும் கொரியாவிலும் ஒப்பளவில் மிகுதி. கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனை நஞ்சுக்கொடி ஸ்டாரின் துணையின்றியே தயாரித்துக்கொள்கிறது. பிறந்தபின்தான் வாந்தி, எடை ஏறாமை, தோல் கருமை, இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை தோன்றும். பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகிறது. அவர்கள் நலமாகவே இருப்பர். கர்ப்பக் காலத்தில் தாய் உண்டதைக் குறைசொல்லும் உறவினர்கள் இதை அறிய வேண்டும்.

இத்தகைய குழந்தைக்கும், வேறு காரணத்தால் அட்ரினல் செயலிழந்த எவருக்கும், நாம் தரும் ஹைட்ரோகார்டிசோன் உடல் தயாரிக்க இயலாததற்கு ஈடு. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் உயர்ந்த அளவில் தரப்படும் ஸ்டெராய்டோடு இதை ஒன்றாக வைத்து அஞ்சுவது சரியன்று. (அந்த நோயாளிகளும் நெடுநாள் உட்கொண்ட மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது, அவர்களுடைய சுரப்பி உறங்கிப்போயிருக்கும்.)

மருந்துச் சீட்டு மட்டும் போதாது என்பது என் கருத்து. காய்ச்சல் நாளில் மாத்திரையை இரண்டு, மூன்று மடங்காக்குவது எப்படி, வாந்தியால் மாத்திரை தங்காதபோது தசையில் போட வேண்டிய ஹைட்ரோகார்டிசோன் ஊசியின் அளவு என்ன என்பதைத் தமிழில் எழுதிய தாள் ஒவ்வொரு குடும்பத்திடமும் இருக்க வேண்டும். பள்ளிப் பருவக் குழந்தைக்கு அவ்வளவு வழக்கமாக 50 மில்லிகிராம். பெற்றோர் கையில் ஊசியைத் தருவதா எனச் சக மருத்துவர் சிலர் தயங்குகின்றனர். நீரிழிவுக் குழந்தைக்கு இன்சுலினை நாள்தோறும் வீட்டில் தாய்தானே போடுகிறார்? தேவையின்றி ஒருமுறை போட்ட ஹைட்ரோகார்டிசோன் ஊசியால் தீங்கு நேர்வது அரிது. தேவைப்பட்டபோது போடாமல் விட்டால் குழந்தை சில மணி நேரத்தில் மயங்கிச் சரியக்கூடும். ஊசி போட்டபின்னும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும்.

உங்களிடம் அத்தகைய தாள் இதுவரை இல்லையெனில், அடுத்த வருகையில் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். ஒரு படியைக் குழந்தையின் பள்ளிப் பையிலும் வையுங்கள்.