கல்லைத் தொடாத அடர்த்திப் பாடம்



ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி நேற்றுத் திண்ணையில் உட்கார்ந்து, அடர்த்தி என்றால் நிறை வகுத்தல் கன அளவு என்று பத்துத் தடவை எழுதிக்கொண்டிருந்தாள். "ஒரு கல்லோட அடர்த்திய எப்படிம்மா கண்டுபிடிப்ப?" என்றேன். "கணக்குலயே கொடுத்திருப்பாங்க தாத்தா" என்றாள்.

கோபம் அவள் மேல் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் கருங்கல் குவாரி, அரியலூரில் சுண்ணாம்புக்கல், காரையில் பளபளக்கும் ஜிப்சம், சாத்தனூரில் கல்லாகிப்போன மரம். இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த பிள்ளை ஒரு கல்லைக்கூட எடை போடாமல் முழு மதிப்பெண் வாங்குகிறது.

என்ன பெரிய செலவு? கல்லை நூலில் கட்டிச் சுருள்வில் தராசில் தொங்கவிடுங்கள். 540 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வாளித் தண்ணீரில் அடி தட்டாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். 340 காட்டும். குறைந்த 200-ஆல் 540-ஐ வகுத்தால் 2.7. அவ்வளவுதான். காரையில் பொறுக்கிய பளபளப்புக் கல் ஜிப்சமா கால்சைட்டா என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தராசுக்குத் தெரியும்: ஜிப்சம் 2.3, கால்சைட் 2.7. (சாத்தனூர்க் கல்மரத்தில் கை வைக்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம்.)

ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், "சார், கருங்கல்லும் 2.7, கெட்டியான சுண்ணாம்புக்கல்லும் 2.7. அடர்த்தி என்னத்தச் சொல்லும்?" என்று மடக்கினார். சரியான கேள்வி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள், சுண்ணாம்புக்கல் நுரைக்கும், கருங்கல் சும்மா இருக்கும். ஆனால் எது இல்லை என்பதை அடர்த்தி அடித்துச் சொல்லும். நம் உறவுக்காரர் ஒருவர் "இரும்பு விண்கல்" என்று நம்பி நாற்பதாயிரம் கொடுத்து ஒரு கறுப்புக் கல்லை வாங்கி வந்தார். தொங்கவிட்டுப் பார்த்தேன், 2.8. இரும்பு விண்கல் என்றால் 7-க்கு மேல் வந்திருக்க வேண்டும். விற்றவன் போன் அதற்குள் அணைந்துவிட்டது. அவரும் பள்ளியில் அடர்த்தி படித்தவர்தான். படித்தது சூத்திரம்.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை" என்ற சாக்கு எனக்குப் புதிதல்ல. கடைசிப் பத்து வருஷம் நானும் அதைச் சொல்லிக் கரும்பலகையோடு முடித்தவன்தான். அந்த வெட்கத்தில்தான் எழுதுகிறேன். இந்தப் பாடத்துக்கு ஒரு பீரியட் போதும். ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் பள்ளி அலமாரியில் சுருள்வில் தராசு கிடக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கே கேளுங்கள்.