கொளுத்தினால் தோப்பு சுத்தமாகிவிடுமா?

தோப்பு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் பலரின் கொள்கை. விழுந்த ஓலை, பாளை, பன்னாடை, வேலியில் கழித்த கிளுவைக் கிளை, வேப்பஞ்சுள்ளி எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்துத் தீ வைத்தால்தான் மனது ஆறும். பஞ்சாபில் நெற்தாளைக் கொளுத்துகிறார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்களும் இதில் சேர்த்திதான். கேட்டால், "குப்பையைத்தானே எரிக்கிறோம், சாம்பல் உரம்தானே" என்பார்கள். இரண்டுமே தவறு.

முதலில் குப்பைக் கணக்கைப் பார்ப்போம். நன்றாக வளர்ந்த தென்னை ஆண்டுக்குச் சுமார் 12 ஓலை உதிர்க்கும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 840 ஓலை. கோடையில் ஈரம் காக்க, மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் 15 காய்ந்த ஓலை, அல்லது முதுகு மேல்நோக்கி இருக்கும்படி 100 தேங்காய் மட்டை பரப்பச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஏக்கருக்கு 1,050 ஓலை வேண்டும். இருப்பதோ 840. பற்றாக்குறையில் இருக்கிற பொருளுக்குக் குப்பை என்று பெயர் வைத்துக் கொளுத்திக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது சாம்பல். சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் மிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் தழைச்சத்தில் பெரும்பகுதியும், மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும் கரிமமும் புகையோடு போய்விடும். கோவை வட்டாரத்தில் சுண்ணாம்பு மண்ணும் காரத்தன்மையும் ஏற்கெனவே அதிகம். அங்கே சாம்பலைக் கொட்டக் கொட்டக் காரம்தான் ஏறும். மரத்தடியில் மூட்டிய தீயின் சேதம் தனி. தென்னைக்கு வேம்பு, மா போலப் பட்டை வளர்ந்து காயம் மூடாது. ஒருமுறை கருகிய தண்டு கடைசிவரை வடுவோடுதான் நிற்கும்.

"ஓலையைப் போட்டால் காண்டாமிருக வண்டு வரும்" என்பது அடுத்த பயம். அந்த வண்டு முட்டையிடுவது மக்கிய எருக்குழியிலும், பட்டுப்போய் அழுகும் தென்னந்தண்டிலும்தான். பாத்தியில் மெல்லிசாகப் பரப்பிய காய்ந்த ஓலை அதற்குத் தோதான இடமல்ல. பட்ட மரத்தை அப்புறப்படுத்துங்கள். தஞ்சாவூர் வாடல் நோயில் செத்த மரத்தின் அடித்தூரைத் தோண்டி எரியுங்கள். நெருப்புக்கு நியாயமான வேலை அது.

கூலி என்பார்கள். ஆள் கிடைக்காத காலம்தான். ஆனால் தீ வைக்கவும் ஓலையை மூலைக்கு இழுத்துவர ஆள் வேண்டுமே! விழுந்த இடத்திலேயே அரிவாளால் மூன்று துண்டாக்கி, அடிமட்டையைக் கீழேயும் இலைப்பகுதியை மேலேயும் போட்டால் அந்த இழுவை மிச்சம்.

ஓலைக்கு இவ்வளவு என்றால், கிளைக்கும் சுள்ளிக்கும் வேலை இல்லாமலா போகும்? கவட்டைக் கொம்புகள் புடலை, பாகல் பந்தலுக்குக் கால். கிளுவைப் போத்தை மழைக்கு முன் நட்டால் வேலி தானே தளிர்க்கும். சரிவில் மழைநீர் அரித்த பள்ளத்தின் குறுக்கே குச்சி அடித்துச் சுள்ளியை நெருக்கமாக அடைத்தால், ஓடும் மண் அங்கேயே தங்கும். மரத்தூள் கிடைத்தால் மேலாகப் பரப்புங்கள். பச்சைத்தூளை மண்ணுக்குள் கலந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்கான தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். எதற்கும் ஆகாத முள்ளும் கட்டையும்கூடச் சாம்பலாக வேண்டியதில்லை. குழியில் அடுக்கி மேலிருந்து கொளுத்தி, தணலாக நிற்கும்போதே தண்ணீர் ஊற்றி அணைத்தால் கரி கிடைக்கும். அதை நொறுக்கி எருவோடு கலந்து இட்டால், நெடுநாள் மண்ணில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

தோப்பின் லட்சணம் தரையின் வெறுமையில் இல்லை. வெயில் நேரே விழும் மொட்டைத் தரையில் பாய்ச்சிய தண்ணீர் நிற்காது, மண்புழுவும் தங்காது. நாமோ 840 ஓலையைப் புகையாக்கிவிட்டு, எருவுக்காக லாரிக்காரரிடம் பேரம் பேசுகிறோம். அடுத்த லோடுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அதில் பாதியை நாமே கொளுத்தினோமா என்று கணக்குப் பார்ப்பது நல்லது.