ஒரு சாணுக்குள் ஒரு முற்றம்



விடுமுறை நாட்களில் பிள்ளைகளின் கைகளுக்கு ஏதேனும் வேலை கொடுக்க வேண்டுமே என்று கவலைப்படும் பெற்றோருக்காக இம்மாதம் ஒரு கைவேலையை எடுத்துக்கொண்டேன். ஜப்பானியப் பாணிப் பொம்மை வீட்டிற்கு ஒரு தோட்டம் அமைப்பதே அது. வீட்டைச் செய்வது கடினமன்று. அட்டையும் மெல்லிய மரச்சட்டங்களும், நகரும் கதவுகளுக்கு ஒட்ட வெள்ளைத்தாளும் இருந்தால் போதும். தோட்டத்தில்தான் பலரும் தடுமாறுகின்றனர். சிவப்புப் பாலம், கல்விளக்கு, கொக்கு, தூண்டில் போடும் கிழவர் என்று கடையில் கிடைப்பதையெல்லாம் வாங்கி அடுக்கிவிடுகின்றனர். முடிவில் அது தோட்டமாக இராது; பொம்மைக் கடையாக இருக்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பொம்மை வீடுகளின் வழக்கமான அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது, மெய்யான வீட்டில் 1 அடி இங்கே 1 அங்குலம். கியோட்டோ நகரின் ரியோஆன்ஜி ஆலயத்தில் உலகப் புகழ் பெற்ற கல் முற்றம் ஒன்று உண்டு. நீளம் ஏறத்தாழ 25 மீட்டர், அகலம் 10 மீட்டர். அதை இந்த அளவுக்குச் சுருக்கினாலும் 2 மீட்டருக்கு மேல் நீளும். நம் வீட்டு மேசை தாங்காது!

ஆகவே அதே கியோட்டோவின் பழைய வணிகர் வீடுகளை நாடுவோம். தெருப்பக்கம் குறுகி, உட்புறம் நீண்டு செல்லும் வீடுகள் அவை. 'விலாங்கின் படுக்கை' என்று அவ்வூரார் வேடிக்கையாகக் கூறுவர். அறைகளுக்கு இடையே ஒளியும் காற்றும் இறங்குவதற்கென வானம் பார்த்த சிறு முற்றம் விட்டு, அதிலே தோட்டம் அமைப்பர். 'ட்சுபோநிவா' என்பது அதன் பெயர். ஒரு ட்சுபோ என்பது இரண்டு தத்தாமிப் பாய்களின் பரப்பு. பக்கத்திற்குச் சுமார் 1.8 மீட்டர் கொண்ட சதுரம். பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். 15 சென்டிமீட்டர்! ஒரு சாணுக்கும் குறைவு. இனிப்புப் பெட்டியின் மூடி ஒன்றே இதற்குப் போதும்.

அடுத்தது தண்ணீர். சிறுவர்கள் எல்லாரும் முதலில் குளம்தான் கேட்பார்கள். ஆனால் பாருங்கள், கல்லைச் சிறிதாக எடுக்கலாம். மரத்தைச் சிறிதாகச் செய்யலாம். தண்ணீரைச் சிறிதாக்க இயலாது. நம் வீட்டுக் குழாயில் தொங்கும் துளியும் பொம்மை வீட்டுக் குழாயில் தொங்கும் துளியும் ஒரே பருமன்தான். பொம்மை வீட்டில் வசிப்பவர் ஒருவர் இருந்தால், அவர் கண்ணுக்கு அது எலுமிச்சம்பழம் அளவு தெரியும். அட்டையும் பசையும் நனைந்து கெடுவது வேறு. ஜப்பானியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மணலைக் கொண்டு நீரைக் காட்டும் வறண்ட தோட்ட முறையைக் கண்டுவிட்டனர். ரியோஆன்ஜியில் இருப்பவை வெண்ணிறப் பொடிக்கற்களும், 15 பாறைகளும், அவற்றின் அடியைச் சுற்றிச் சிறிது பாசியுமே. ஆள் உருவமோ பறவை உருவமோ இல்லை. அத்தகைய உருவங்களை வீட்டில் வைக்கத் தயங்கும் குடும்பத்தாருக்கும் இது இசைவானதே.

அங்கே பரப்பியிருப்பது பொடிக்கல் என்பதற்காக நீங்களும் பொடிக்கல்லைத் தூவிவிடாதீர்கள். 6 மில்லிமீட்டர் கல் இங்கே அரை மில்லிமீட்டர் ஆகவேண்டும். வெளிறிய மணலைக் கழுவி உலர்த்தித் தேநீர் வடிகட்டியில் சலித்தால், கீழே விழுவதே நமக்குரியது. அலைகளைப் போல் கோடு இழுப்பதற்குப் பழைய சீப்பு ஒன்றை எடுத்து, ஒரு பல் விட்டு ஒரு பல்லை ஒடித்துக் கொள்ளுங்கள்.

கற்கள் மூன்று போதும். பருமணி மினுங்கும் கருங்கல் துண்டு வேண்டாம். அந்த மணிகள் சுருங்கமாட்டா, உடனே காட்டிக் கொடுத்துவிடும். நுண்ணிய மேனியுள்ள கல்லைத் தேடுங்கள். பெரியது 4 சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம். மணல்மேல் வைத்தால் வைத்ததுபோலவே தோன்றும். அடிப்பகுதியைப் புதைத்தால்தான் மண்ணிலிருந்து எழுந்தது போலாகும். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'சகுதெய்கி' என்னும் ஜப்பானியத் தோட்டநூல், முதன்மையான கல்லை முதலில் நாட்டிவிட்டு அக்கல்லின் விருப்பத்தையொட்டி மற்றவற்றை நாட்டச் சொல்கிறது. கல்லுக்கு விருப்பமா என்று சிரிக்க வேண்டாம். செய்து பார்த்தால் புரியும்.

பாசிக்கு, மரத்தூளைச் சலித்து இருவகைப் பச்சைச் சாயத்தில் நனைத்து உலர்த்தினால் போதும். உயிருள்ள செடி எதுவும் வேண்டாம்; 1 சென்டிமீட்டர் இலைகூட இங்கே கையகல இலையாகிவிடும்.

ஓர் அலங்காரம் அவசியம் என்றால், களிமண்ணில் குழிந்த சிறு கல்தொட்டி செய்து வையுங்கள். 'ட்சுகுபாய்' என்பர். தேநீர் அறைக்குள் புகுமுன் விருந்தினர் குனிந்து அமர்ந்து கைகழுவி வாய் கொப்பளிக்கும் இடம் அது. குனிந்தமர்தல் என்னும் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது. ஹவுளுக்கரையில் அமர்ந்து ஒளூச் செய்து பழகிய நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இராது.

தோட்டத்தை மேலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜப்பானியர் பாயில் அமர்ந்து பார்ப்பர். பொம்மை வீட்டின் அறைக்குள்ளிருந்து, பாய்க்கு மேல் 6 அல்லது 7 சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு கல் மற்றொன்றை மறைத்தால் நன்று. ரியோஆன்ஜியின் திண்ணையில் எங்கே அமர்ந்தாலும் பதினைந்தில் ஒரு கல்லாவது கண்ணுக்குத் தப்பிவிடும்.

பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. கல்லை நாட்டுவது பிள்ளையின் வேலை. நீங்கள் நாட்டாதீர்கள், பிள்ளை உறங்கியபின் நகர்த்தவும் செய்யாதீர்கள்! பள்ளிக் கண்காட்சிகளில் பரிசு பெறுபவற்றுள் எத்தனை தந்தையரின் கைவண்ணம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததன்று. ஜப்பானில் பெட்டித் தோட்டத்திற்கு 'ஹகோநிவா' என்று பெயர். 1965இல் உளவியல் அறிஞர் கவாய் ஹயாவோ, சுவிட்சர்லாந்தில் தாம் கற்ற மணல் விளையாட்டுச் சிகிச்சையை இப்பெயராலேயே தம் நாட்டில் அறிமுகம் செய்தார். 57க்கு 72 சென்டிமீட்டர் மணல் பெட்டி. மணலை விலக்கினால் நீர் போல் தெரியும்படி உட்புறம் நீலம். வாய்திறந்து சொல்ல முடியாததைக் குழந்தை மணலில் அமைத்துக் காட்டும். மருத்துவர் அருகிலிருந்து பார்ப்பார், எதையும் திருத்தமாட்டார். நம் இனிப்புப் பெட்டி மூடி மருத்துவமன்று. எனினும் மூன்று கற்களையும் ஒரே மூலையில் ஒரு பிள்ளை நெருக்கி வைத்துவிட்டு, மீதி முழுவதையும் வெறும் மணலாக விட்டால், ஏன் என்று அதட்டாமல் சற்று நேரம் உடன் அமர்ந்து பாருங்கள்.

கல்லடியிலும் பாசியடியிலும் மட்டும் பசை தடவுங்கள். மணல் ஒட்டப்படாமல் இருக்கட்டும். நாள்தோறும் கலைத்துப் புதிதாகக் கோடு இழுக்கலாம். மின்விசிறிக் காற்றில் மணல் பறக்கும் என்பதால், இரவில் அந்த இனிப்புப் பெட்டியையே கவிழ்த்து மூடி வையுங்கள்.