வசதியா, திறமையா, ஊசியா?

ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் மளமளவென்று முன்னுக்கு வந்துவிட்டால் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். வசதி இருந்தது. திறமை இருந்தது. ஊசி போட்டுக்கொண்டார். மூன்றையும் ஒரே தட்டில் வைத்து, யாருக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பது மாதிரி விவாதம் நடக்கிறது. பரிமாறுகிற கை யாருடையது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உள்ளவன் வீட்டுப் பிள்ளை ஜெயித்தால் திறமை. இல்லாதவன் வீட்டுப் பிள்ளை ஜெயித்தால் சந்தேகம். வசதி என்கிற முதல் காரணம் பேச்சுக்கு மட்டும்தான். அதைச் சோதிக்க இதுவரை ஒரு ஆய்வகமும் கிடையாது.

800 மீட்டர் ஓட்டம் இந்த விவாதத்துக்குச் சரியான உரைகல். மைதானத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். முதல் சுற்றை வேகத்தால் ஓடிவிடலாம். இரண்டாவது சுற்றில் கால் கல்லாய்க் கனக்கும். அப்போது ஓடுவது இரத்தம். நுரையீரல் வாங்குகிற காற்றைத் தசைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் சிவப்பணு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. இ.பி.ஓ. என்கிற ஊசிமருந்து அந்தச் சிவப்பணுவைத்தான் கூட்டுகிறது. ஆகவே அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. சரி. ஆனால் மலைமேல் போய் மாதக்கணக்கில் தங்கிப் பயிற்சி எடுத்தாலும் சிவப்பணு கூடும். மலைக்குப் போக முடியாதவர், மலைக்காற்றைப் போல ஆக்சிஜனைக் குறைத்து வைக்கும் கூடாரத்தை விலைகொடுத்து வாங்கி வீட்டுக்குள்ளேயே தூங்கினாலும் கூடும். இதற்குத் தடை இல்லை. இதற்குப் பெயர் விஞ்ஞானப் பயிற்சி. ஊசி தப்பு, கூடாரம் சரி என்கிற சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. ஊசி உயிருக்கே ஆபத்து என்பது உண்மை. கூடாரம் வாங்கிய காசுக்கு ஸ்கோர் போர்டில் ஏன் இடம் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

இப்போது தலைகீழாகப் பாருங்கள். இரத்தத்தைக் கூட்டுவது ஊக்கமருந்து என்றால், இரத்தத்தைக் குறைப்பதற்கு என்ன பெயர்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்! சேரியில், காலனியில், சூளையில் பிறந்த பெண்பிள்ளை ஓட்டக்கோட்டில் வந்து நிற்கும்போதே அவள் உடம்பிலிருந்து கொஞ்சம் இரத்தத்தை இந்தச் சமூகம் எடுத்துவைத்துக்கொண்டுதான் அனுப்புகிறது. ஊக்கமருந்துக்கு எதிர்ப்பதம் இரத்தசோகை. முன்னதைப் பிடிக்க உலகம் முழுக்க ஏஜென்சி இருக்கிறது. பின்னதைப் பற்றி ஒரு ஆய்வறிக்கை வரும், அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியில் சாந்தி சௌந்தரராஜனை வைத்துப் பேச வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. தலித் குடும்பம். அப்பா அம்மா வெளியூர்ச் செங்கல் சூளையில் கூலிவேலை. மூத்த பெண்ணான சாந்திதான் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிசைக்கு வெளியே இருந்த மண்தரையில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. 2005இல் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் மறுபடியும் வெள்ளி. நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி.

மூன்று காரணங்களில் எதைச் சொல்வது? வசதி? சொல்லவே வாய் வராது. ஊசி? அப்படி ஒரு தீர்ப்பு அவர்மேல் இல்லை. மிச்சம் இருப்பது திறமை ஒன்றுதான். அந்த இடத்துக்கு வந்து நின்றபோதுதான் நான்காவதாக ஒரு கேள்வி முளைத்தது: இது பெண்ணா?

போட்டி முடிந்த சில நாட்களில் பாலினச் சோதனை முடிவு ஊடகங்களில் கசிந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. அந்த உடலைப் பற்றிய மருத்துவ விவரங்களை இந்தக் கட்டுரை எழுதப்போவதில்லை. அவற்றை ஊருக்குப் பரப்பியதுதான் குற்றத்தில் பாதி. 2007இல் அவர் தற்கொலைக்கு முயன்றார். பிழைத்தார். பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகும் 2012இல் அதே செங்கல் சூளையில் கூலிவேலை பார்த்ததை நாடே செய்தியாகப் படித்தது. பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, 2016இல்தான் தமிழ்நாடு அரசின் விளையாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை வந்தது.

இனி இதையும் வைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா, லிம்போபோ மாகாணத்துக் கிராமத்துப் பெண். 2009இல் பெர்லின் உலகப் போட்டியில் பதினெட்டு வயதில் 800 மீட்டரை 1 நிமிடம் 55.45 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். உடனே பாலினச் சோதனை; பதினோரு மாதம் ஓட முடியவில்லை. அந்தப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்த ரஷ்யாவின் மரியா சவினோவா, அவரைப் பார்த்தாலே தெரியவில்லையா என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். 2011 உலகப் போட்டியிலும் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் அதே சவினோவா தங்கம், செமென்யா வெள்ளி. 2014 டிசம்பரில் ஜெர்மன் தொலைக்காட்சி ஒரு ரகசியப் பதிவை வெளியிட்டது. சவினோவா தான் எடுத்துக்கொண்ட மருந்தைப் பற்றிப் பேசுகிற பதிவு. 2017இல் விளையாட்டு நடுவர் மன்றம் அவருடைய பதக்கங்களைப் பறித்தது. இரண்டு தங்கமும் செமென்யாவுக்கு வந்தது. 'பார்த்தாலே தெரியும்' என்று சொன்ன கண்ணுக்குத் தெரிந்தது என்ன, தெரியாமல் போனது என்ன? ஊசி போட்ட உடல் கண்ணுக்கு உறுத்தவில்லை. போடாத உடல் உறுத்தியது.

தண்டனைக் கணக்கு இன்னும் மோசம். சவினோவாவுக்கு நாலு வருஷத் தடை. 1500 மீட்டரில் ஒலிம்பிக் சாம்பியனான கென்யாவின் ஆஸ்பெல் கிப்ரோப், இ.பி.ஓ.வில் மாட்டினார். அவருக்கும் நாலு வருஷம். ஊக்கமருந்துக் குற்றம் சாட்டப்பட்டால் இரண்டாவது மாதிரியைச் சோதிக்கச் சொல்லலாம், விசாரணை கேட்கலாம், மேல்முறையீடு போகலாம். தடை முடிந்ததும் திரும்பவும் ஓடலாம். சாந்திக்கு இது எதுவும் இல்லை. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை என்று ஒரு தடைக்காலம்கூட இல்லை. ஊசி போட்டவருக்கு நாலு வருஷம், போடாதவருக்கு ஆயுள். ஏமாற்றியவர் திருந்தலாம். பிறந்ததே குற்றம் என்றால் எப்படித் திருந்துவது? இந்தத் தர்க்கம் நமக்குப் புதுசா என்ன?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தோஹாவில் சாந்திக்குப் பின்னால் வந்த பெண்களும் உழைத்தவர்கள்தானே, அவர்களுக்கு நீதி வேண்டாமா? வேண்டும். பெண்களுக்கென்று தனிப் பந்தயம் இருக்கும்வரை எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. கோட்டை யார், எப்போது, எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. ஓடி முடித்த பிறகா கோடு போடுவது? 2018இல் கொண்டுவந்த விதி 400 மீட்டர் முதல் ஒரு மைல்வரை உள்ள ஓட்டங்களுக்கு மட்டும் பொருந்தியது. டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. 2019இல் நடுவர் மன்றம், இது பாகுபாடுதான், ஆனால் தேவையான பாகுபாடு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. 2023இல் எல்லாப் போட்டிகளுக்கும் 2.5 ஆக்கினார்கள். 2025 டோக்கியோ உலகப் போட்டிக்கு மரபணுச் சோதனை வந்தது. கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. செமென்யாவின் வழக்கில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. முன்கூட்டியே அறிவித்த விதி, ரகசியம் காக்கும் மருத்துவர், முறையான விசாரணை, தோற்றாலும் அவமானப்படாமல் வெளியேறும் உரிமை. மற்ற பெண்களுக்கு நீதி செய்ய இவற்றை மீற வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது?

உலகத் தடகள அமைப்புக்கு 2015இல் தலைவரானவர் செபாஸ்டியன் கோ. அவரும் நடுத்தூர ஓட்டக்காரர்தான். 1981இல் 800 மீட்டரை 1 நிமிடம் 41.73 விநாடியில் ஓடினார். 1997வரை யாராலும் அதை முறியடிக்க முடியவில்லை. பெரிய ஓட்டக்காரர், சந்தேகமே இல்லை. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் அப்பா பீட்டர் கோ, தொழிலால் பொறியாளர். அங்கே அப்பா, இங்கே தாத்தா. அன்பில் வித்தியாசம் இருந்திருக்காது. ஆனால் அந்த அப்பாவிடம் படித்துக் கணக்குப்போட்டுத் திட்டம் எழுத நேரமும் படிப்பும் இருந்தன. மகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓடினார். இந்தத் தாத்தாவிடம் மண்தரை இருந்தது. அந்த 41.73இல் எத்தனை விநாடி கால், எத்தனை விநாடி வீடு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாது. அதனால்தான் வசதி தப்பித்துக்கொள்கிறது. அது உடம்புக்குள் கரைந்து திறமை என்கிற பெயரில் வெளியே வருகிறது. சிறுநீரில் தெரியாத ஊக்கமருந்து அது.

நம் தோழர்கள் சிலர் செய்கிற இரண்டு காரியங்களையும் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, 'நம்ம ஆளுங்க ஊசி போட மாட்டாங்க' என்கிற பேச்சு. இது பொய். கிப்ரோப் பணக்கார நாட்டுக்காரர் இல்லை. ஒடிசா நெசவாளர் வீட்டுப் பெண் டுட்டி சந்த், 2015இல் நடுவர் மன்றம்வரை போய்ப் பாலின விதியை நிறுத்திவைக்கச் செய்தவர். அந்த வெற்றி நமக்கும் சேர்த்துத்தான். அதே டுட்டி 2023இல் ஊக்கமருந்துக் குற்றத்தில் நாலு வருஷத் தடை பெற்றார். முதலாவது கிடைத்ததற்காக இரண்டாவதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது நடந்ததற்காக முதலாவது பொய்யாகிவிடாது. ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் குடும்பமே கரையேறும் என்கிற நாட்டில், மாவட்டப் போட்டிக்குப் போகிற பையன் கையில் ஊசியைக் கொடுக்கிறவன் எளிதில் கிடைப்பான். அது நம் பிள்ளைகளின் ஈரலையும் இதயத்தையும்தான் முதலில் தின்னும். அதை எதிர்க்கிற முதல் குரல் நம்முடையதாக இருக்க வேண்டும்.

இரண்டு, 'சாந்தியைப் பார், நம்மிடம் திறமை இல்லையா?' என்று மேடையில் முழங்குவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அவர்கள் விரித்த பாயிலேயே போய் உட்காருவது. நான் வேலை பார்க்கிற வங்கியில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தால் மத்தியானச் சாப்பாட்டில் இந்தப் பேச்சு ஓடும். 'திறமை இருந்தா யாரு வேணா வரலாம் சார், எங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் இல்ல.' அந்தப் பட்டியலில் நம்ம ஆள் பேர் இருந்தால் அடுத்த கேள்வி வரும்: 'இவரு எதுல வந்தாரு?' அவருடைய மதிப்பெண்ணைச் சொன்னாலும் கேள்வி நிற்காது, வேறு கதவு வழியாக வரும். சாந்திக்கு நடந்ததும் அதுதான். திறமையை நிரூபித்தால் விட்டுவிடுவார்கள் என்பது பொய் என்று தோஹா நிரூபித்துவிட்டது. நிரூபித்த பிறகுதான் துணியை அவிழ்க்கச் சொன்னார்கள்.

எனவே உரிமையைப் பதக்கத்தின்மேல் கட்டாதீர்கள் தோழர்களே. சாந்தி வெள்ளி வாங்கியதால் அவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்றால், எட்டாவதாக வந்த பெண்ணுக்கு என்ன மரியாதை? ஓடவே தெரியாமல் சூளையில் கல் அறுக்கிற பெண்ணுக்கு? திறமை உண்டு, அதை மறுப்பது முட்டாள்தனம். கத்தக்குறிச்சி மண்ணில் அத்தனை பேர் ஓடியிருக்கலாம். தோஹாவரை ஓடியது ஒருத்திதான். ஆனால் சோற்றுக்கும் மானத்துக்கும் நுழைவுத்தேர்வாகத் திறமையை வைக்க நாம் சம்மதிக்கக் கூடாது.

விளையாட்டு மைதானத்தில் நிற்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கல்லூரியில், உங்கள் ஊர்ப் பள்ளியில் ஓடுகிற பெண்பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பள்ளியும் அரசு மருத்துவமனையும் ரகசியம் காத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைந்திருந்தால் மாத்திரையும் முட்டையும் கேளுங்கள். ஊசி கொடுக்கிற பயிற்சியாளர் இருந்தால் காட்டிக்கொடுங்கள், அவர் நம் சாதியாக இருந்தாலும். ஒரு பெண் ஜெயித்தவுடன் அவள் குரலையும் மார்பையும் பற்றிக் கிசுகிசுக்கிற வாய் நம் பக்கத்திலேயே இருந்தால் முதலில் அதை மூடுங்கள். வெள்ளிப் பதக்கம் பற்றிப் பிறகு பேசலாம். முதலில், எடுத்த இரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.