அரசர்களும் கரிந்த பாணும்

சூரிச் மாநிலத்தில் வெற்சிக்கோன் என்னும் ஊருக்குப் பக்கத்தே, ஏரிக்கரையில், றோபன்ஹவுசன் என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. றெஸ்ரோறன்ற் பூட்டியிருந்த ஒரு நாளில் நாங்கள் நாலு பேர் அங்கே போனோம். நாணலும் சேறும்தான் இருந்தன. "இதைப் பார்க்கவோ ரயிலேறி வந்தனாங்கள்?" என்று எங்களில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

பார்க்க வேண்டியது மண்ணுக்குக் கீழே கிடக்கிறது. 1858இல் யாக்கோப் மெசிக்கோமர் என்ற விவசாயி, ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய குடியிருப்பொன்றை இங்கே கண்டுபிடித்தார். ஈரச் சேற்றுக்குள் காற்றுப் புகாததால் வீடுகளைத் தாங்கிய மரக்கால்கள் உக்கவில்லை. சணல்நார்த் துணி, மீன்வலை, பாதியாக வெட்டிய அப்பிள், கரிந்த பாண் எல்லாம் கிடைத்தன. அவர் அவற்றை அருங்காட்சியகங்களுக்கு விற்றார். இன்று அப்படி விற்க முடியாது. அறிவியல் பெறுமதியுள்ள தொல்பொருள் மாநிலத்தின் சொத்து என்கிறது சுவிஸ் குடியியற் சட்டம். 2011இல் யுனெஸ்கோ ஆறு நாடுகளில் உலக மரபுரிமையாகப் பதிந்த 111 இடங்களில் இதுவும் ஒன்று.

இத்தனை காவலும் எதற்கு? இங்கே ஆண்ட ஓர் அரசனின் பெயர்கூட எவருக்கும் தெரியாது. யாரோ அடுப்பில் கருகவிட்ட பாணுக்குத்தான் இந்தக் காவல்!

இனி எம்மவரின் ஆண்டு விழா மலர்களைப் புரட்டுங்கள். இராசராசன், சங்கிலியன், பண்டாரவன்னியன்... பக்கத்துக்குப் பக்கம் வாளும் முடியும். அதை வாசிக்கும் நாங்களோ கோப்பை கழுவுகிறவர்கள், வெங்காயம் வெட்டுகிறவர்கள். எங்கள் ஆச்சிமார் என்ன சமைத்தார்கள், வீட்டை எதனால் வேய்ந்தார்கள் என்பதற்கு அந்த மலர்களில் ஒரு பக்கமும் இல்லை. எந்தப் படலையில் யாருக்குச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றினோம் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அரசர்களைப் பாடினால் இதையெல்லாம் சொல்லாமல் தப்பிவிடலாம் அல்லவா!

வரலாறு மறுக்கப்பட்ட இனத்துக்கு அரசர்கள் வேண்டும் என்பார்கள். வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அரசன் இருந்தான் என்றால் ஆட்சி இருந்தது என்றுதான் பொருள். அங்கே மனிதர் வாழ்ந்தார்கள் என்று காட்ட அடுப்புத்தான் வேண்டும்.

எங்கள் செம்பாட்டு மண் சதுப்பல்ல. கிடுகும் பனையோலையும் அதில் ஐயாயிரம் ஆண்டு கிடவாது. எரிந்த வீடுகளின் அடுப்படிகளை எந்தச் சட்டமும் காக்கவில்லை. எஞ்சியிருப்பது எங்கள் முதியவர்களின் ஞாபகம் மட்டுமே. அடுத்த மலருக்கு முடிசூடிய படம் தேடுகிறவர்களே, முதலில் உங்கள் தாயிடம் போய் அவர் சமைத்த அடுப்படியைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்ல விரும்பாததையும் கேட்டு எழுதுங்கள்.