கம்பெனி பஸ்ஸைப் பார்த்து கடை வைக்காதீங்க!

காலை ஷிப்ட் நேரத்தில் சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் அரை மணி நேரம் நின்றால் போதும், யாருக்கும் தொழில் ஆசை வந்துவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரகடம் பக்கம் திரும்பும் கம்பெனி பஸ்கள், மின்சார ரயிலிலிருந்து இறங்கி ஓடும் யூனிபார்ம் கூட்டம், வரிசையாக டிரெய்லர் லாரிகள். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் சுமார் 25 கிலோமீட்டருக்கு கம்பெனி மேல் கம்பெனி. "இத்தனை பேர் போறாங்க, நூத்துக்கு ரெண்டு பேர் வந்தா போதாதா?" என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். அடுத்த மாசம் நகையை வைத்து அட்வான்ஸ் கொடுத்து ஒரு பிரியாணிக் கடை திறந்தாச்சு.

அந்த "நூத்துக்கு ரெண்டு" எங்கிருந்து வந்தது? யாராவது எண்ணினார்களா? சிறு தொழிலைக் கவிழ்ப்பது போட்டியும் இல்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை (ரோடு இல்லீங்க, வரி). இந்த எண்ணாத ரெண்டுதான்.

பஸ்ஸில் போகிறவர் தாம்பரத்தில் ஏறுகிறார், கம்பெனி கேட்டுக்குள் இறங்குகிறார். சிங்கப்பெருமாள் கோவில் அவருக்கு ஜன்னலில் வந்து போகும் ஒரு ஊர், அவ்வளவுதான். பாதி நேரம் தூக்கத்தில் அதுவும் தெரியாது. சாப்பாடு? 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-வது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்க வழி செய்தது. கேன்டீன் செலவில் ஒரு பகுதியைச் சாப்பாட்டு விலையில் ஏற்றாமல் முதலாளியே ஏற்கவும் அதே பிரிவில் இடம் இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 250-ஐ 100 ஆக்கிவிட்டது, கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து. ஆக, பிரியாணிக் கடைக்குப் போட்டி எதிர்க்கடை இல்லை. வாடகை, கரண்ட் பில் கவலை இல்லாத ஒரு கேன்டீன், அதுவும் சட்டமே வைக்கச் சொன்ன கேன்டீன்! பி.காம்.-ல் கம்பெனிச் சட்டம், தொழில் சட்டம் எல்லாம் படித்து பாஸ் செய்தவர்கள்கூட கடை வைக்கும்போது இதை யோசிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

அப்ப வெளியில் சாப்பிடுவது யார்? லோடு இறக்கக் காத்திருக்கும் லாரி டிரைவர்கள், ரூம் எடுத்துத் தங்கும் பேச்சிலர்கள், ரயிலில் வந்து ஷேர் ஆட்டோ பிடிப்பவர்கள். இவர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு, சம்பள வாரத்தில் எவ்வளவு செலவு செய்கிறார்கள், மாசக் கடைசியில் எவ்வளவு? ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு பக்கத்து டீக்கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ஆகும் செலவு டீ காசு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "அண்ணாச்சி என்ன ரிசர்ச் பண்ணியா மளிகைக் கடை வச்சார்? துணிஞ்சு இறங்கணும் தம்பி!" சுத்த அபத்தம். தென்மாவட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதில் வந்து, சொந்தக்காரர் கடையில் பொட்டலம் மடித்து, கடன் நோட்டு எழுதி, எந்தச் சரக்கு எந்த நாள் போகும் என்று பல வருடம் பார்த்துவிட்டுத்தான் பல அண்ணாச்சிகள் தனிக்கடை போட்டார்கள். அதை விடப் பெரிய மார்க்கெட் ரிசர்ச் எந்த எம்.பி.ஏ.வில் இருக்கிறது? தைரியசாலி என்று கைதட்டுகிறவர்கள் அந்தக் கடைப்பையன் வருடங்களை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

படித்தவர்கள் செய்யும் ரிசர்ச் இதைவிட மோசம். கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஐம்பது பதில். "இங்கே நல்ல ஜூஸ் கடை வந்தால் போவீர்களா?" "ஆம்" 92 சதவீதம். நண்பன் கேட்டால் எவன் "இல்லை" என்று அழுத்துவான்? அடுத்தது கடனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட். பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் கிராமப்புறத்துக்கு 25 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு, நல்ல திட்டம். ஆனால் அந்த ரிப்போர்ட்டை எழுதுவது யார்? டைப்பிங் சென்டர். போன மாசம் டெய்லர் கடைக்குப் போட்ட லாபக் கணக்கே, பெயர் மாறி இந்த மாசம் பேக்கரிக்கு வரும். அஞ்சு வருடமும் லாபம் ஏறிக்கொண்டே போகும், ஒரு வருடம்கூட இறங்காது. விண்ணப்பித்தவரே அதைப் படித்திருக்க மாட்டார்.

இந்த ரிப்போர்ட்டில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. இந்த வாடிக்கையாளர்களை எத்தனை பேரின் கையெழுத்து காலி பண்ண முடியும்? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006-ல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில். வரித் தகராறு 2013-லேயே பேப்பரில் வந்தது. 2014-ல் ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிப் போனார்கள். மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்த, 2014 நவம்பர் 1-ல் மூடல். சால்காம்ப் வந்து அந்த இடம் மறுபடி ஓட 2020 ஆயிற்று. அதுவரை எந்த டீக்கடை வாடகை கட்டும்?

சரி, கம்பெனி நன்றாக வளர்ந்தால் கவலையில்லையா? அதுவும் கிடையாது. ஃபாக்ஸ்கான் வளர்ந்தது, பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள், லேடீஸ் ஹாஸ்டல்தான் அடுத்த பெரிய பிசினஸ் என்று பேச்சு. 2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய், 18,720 பெண்கள் தங்கலாம். பத்து மாடியில் 13 பிளாக். ஒளித்துக் கட்டக்கூடிய சமாச்சாரமா அது? கட்டடம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே வீட்டை ஹாஸ்டலாக மாற்றக் கடன் வாங்கினால் யார் மேல் குற்றம்?

இப்போது புது ஆசை ஒன்று. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்த ஸ்டேஷன் மறைமலை நகர். அங்கே ஃபோர்டு 2021 செப்டம்பரில் விலகுவதாக அறிவித்தது, 2022-ல் கடைசிக் கார் வெளியே வந்தது, 2,500-க்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. 2025 அக்டோபர் கடைசியில் "ஃபோர்டு மறுபடி வருது" என்று செய்தி. 3,250 கோடி ரூபாய், இன்ஜின் தயாரிப்பு. கடைக்கு இடம் தேடி அலைய அது போதுமாம். அதே செய்தியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. வேலை 600 பேருக்குச் சற்று மேல். உற்பத்தி தொடங்குவது 2029-ல்.